அழுத்தாமல்

...அதுவும் அவன் மனைவி ரொட்டி கடிக்கிற விதம், முன்பல்லால் இல்லை, மேல்வரிசையும் கீழ்வரிசையும் முன்னால் ஒருநாளும் சந்தித்துக்கொண்டதே இல்லை, கீழ்த்தாடை தனக்கு ஏதோ அவசர வேலை இருப்பதுபோல ஓர் எட்டு முன்னால் போய் நிற்கும், அதனால் ரொட்டியைக் கடைவாயில் பக்கவாட்டாகச் செருகித் தலையை ஒரு வெட்டு வெட்டிப் பிய்ப்பாள், பிய்த்ததும் வாயை மூடிக்கொண்டு நாக்கால் துழாவுவாள், கம்பியில் சிக்கிய துணுக்கை விடுவிக்க, அப்போது கன்னம் ஒரு பக்கம் மட்டும் உப்பும், என்ன பாக்கறே, இங்க வேடிக்கையா காட்டறாங்க என்பாள், சிரிப்பாள், சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பல்லோரம் ஒரு பொட்டு பளிச்சென்று மின்னி அணையும்... அந்தச் சிரிப்பை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று அவன் நினைத்தபோது சிஸ்டர் கைப்பிடியை நீட்டினாள். "கொசு ரெடி டாக்டர்." சொன்ன பிறகு தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டவள்போலக் கண்ணைத் தாழ்த்தினாள். தியேட்டரில் எல்லோரும் ஒரு கணம் அவரவர் வேலையை ரொம்பக் கவனமாகப் பார்த்தார்கள். எலும்பு வெட்டுகிற கருவி அது, பேனா மாதிரிக் கையில் அடங்கும், முனையில் நகக்கண் அளவுக்கு ஒரு தகடு, அது கண்ணுக்குத் தெரியாமல் அதிரும், அதிர்வு காதுக்கு எட்டாது, கேட்பதெல்லாம் மெல்லிய ஒரு ரீங்காரமும் முனையைக் குளிரவைக்கத் தெளிக்கும் உப்புநீரின் சீறலும்தான். கம்பெனிக்காரன் வைத்த பெயர் நீளம், யார் வாயிலும் நுழையாது. கொசு என்று பெயர் வைத்தது அவன் மனைவி. ஒருநாள் மறந்துபோன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க வந்தவள் தியேட்டர் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, உள்ள ஆபரேஷன் பண்றீங்களா கொசு அடிக்கிறீங்களா என்றாள், அவ்வளவுதான், மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரி முழுக்க அதே பேர். அவள் போன பிறகும் அந்தப் பேர் போகவில்லை. தினம் யாராவது ஒருவர் வாயிலிருந்து அவள் வந்துவிடுகிறாள், அனுமதி கேட்காமல், கால் கழுவாமல், கிருமிநீக்கம் செய்த அறைக்குள்.

மேசையில் பச்சைத் துணிக்கு அடியில் படுத்திருப்பது அவளுடைய தங்கை. வீட்டில் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள், பெரியவள் போய்விட்டாள், ஆனாலும் இவள் சின்னவளாகவே இருக்கிறாள், யாருக்குச் சின்னவள் என்று இப்போது கேட்க முடியாது. அதே தாடை. அம்மா வழியில் வந்த அதே நீளம், அதே முன்தள்ளல், பக்கவாட்டில் பார்த்தால் காதுக்குக் கீழே தொடங்கி மோவாய் வரைக்கும் அதே கோடு, அச்சில் வார்த்தது போல. துணி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது, தெரிவது வாய் மட்டும்தான், அதுவும் வாயாகத் தெரியவில்லை, வெளிச்சத்தில் கிடக்கும் ஒரு வேலையாகத் தெரிகிறது, நல்லது, அப்படித்தான் தெரியவேண்டும். எதிரே ஒட்டகம் நிற்கிறான், பட்டப்பேர்தான், கல்லூரியில் ஒரே பெஞ்ச், ஆளும் உயரம், கழுத்தும் உயரம், மேசையை எவ்வளவு ஏற்றினாலும் குனிந்துதான் வெட்டவேண்டும். ஒட்டகத்துக்கு வலது கை, வலது தாடை. அவனுக்கு இடது கைப்பழக்கம், இடது தாடை. எத்தனையோ தாடைகளை இப்படிப் பாதிப்பாதியாகப் பங்கு போட்டிருக்கிறார்கள், யார் பக்கம் முதலில் பிளக்கும் என்று பந்தயம் வேறு, தோற்றவன் டீ வாங்கவேண்டும். இன்றைக்குப் பந்தயம் இல்லை. சொந்தக்காரர்மேல் கத்தி வைக்காதே என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விதி, அதனால் பொறுப்பு டாக்டர் ஒட்டகம்தான், அவன் கூடநிற்கிறவன், அவ்வளவுதான். நீ வெளிய உக்காருடா, ரெண்டு பக்கமும் நானே பாத்துக்கறேன் என்றுதான் ஒட்டகம் சொன்னான். சின்னவள்தான் விடவில்லை. "இடது பக்கம் மாமாதான் பண்ணணும். அக்கா அப்படித்தான் சொல்லியிருக்கா, அவன் கை பூ மாதிரின்னு." சொல்லிவிட்டு அவளே, "நேர்ல உங்கள அவன் இவன்னு சொல்லமாட்டா, கவலப்படாதீங்க" என்றாள். நேரிலும் சொல்வாள்.

வலது பக்கத்தை ஒட்டகம் முடித்துவிட்டான். பிளக்கவில்லை இன்னும், வெட்டுக்கோடு மட்டும். இனி இவன் முறை. கடைவாய்க்குப் பின்னால் ஈறைக் கீறி, சதையை விலக்கி, எலும்பு வெள்ளையாக வெளியே வந்து நிற்கிறது, நனைந்த ஓட்டாஞ்சில் மாதிரி. உட்பக்கமாகப் போகவேண்டும் முதலில், நரம்பு எலும்புக்குள் நுழைகிற வாசலுக்குக் கொஞ்சம் மேலே. அந்த நரம்புதான் எல்லாம். நனைந்த நூல்கயிறு கனம்தான் இருக்கும், தாடைக்குள் குகைபோட்டு ஓடிக் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் போய்ச் சேர்கிறது, அது போனால் முகம் நன்றாகத்தான் இருக்கும், உதடு மட்டும் இருக்காது, இருக்கும், இருப்பது தெரியாது, சாப்பிடும்போது ஓரத்தில் ஒட்டிய பருக்கை தெரியாது, யாராவது முத்தம் கொடுத்தால் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். பழைய ரம்பம் எலும்பு எது நரம்பு எது என்று கேட்காது. கொசு கேட்கும். மெத்தென்று இருப்பது எதுவும் அந்த அதிர்வோடு சேர்ந்து ஆடிக்கொடுத்துவிடும், எலும்பு ஆடாது, விறைத்துக்கொண்டு நிற்கும், விறைத்து நிற்பதுதான் வெட்டுப்படும். விரல்நுனியில் வைத்துக் காட்டுவார்கள், தோல் கிழியாது. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை, அழுத்தக்கூடாது. ரம்பம் பழகிய கைகள் எல்லாம் செய்கிற தப்பு அதுதான், வெட்டவில்லையே என்று அழுத்துவார்கள், அழுத்த அழுத்த அதிர்வு மூச்சுத்திணறும், வெட்டாத முனை சூடாகும், வெட்டாமலே நரம்பைச் சுட்டுவிடும். எழுதுவதுபோல, எழுதி அழிப்பதுபோல, பட்டும் படாமலும், ஓரிடத்தில் நிற்காமல்... பெடலை மிதித்தான். ரீங்காரம் எழுந்தது. தண்ணீர் சீறி, வெளிச்சத்தில் மெல்லிய புகைமாதிரிப் படர்ந்தது.

"ரொம்ப மாத்திடாதீங்க மாப்ள." காலையில் அத்தை சொன்னது, மாடிப்படி முடிகிற இடத்தில், கையில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு, சின்னவளைத் தள்ளுவண்டியில் உள்ளே அனுப்பிவிட்டு வந்த கையோடு. அவன் மாமியார் பெரிதாகப் பேசுகிற ஆள் இல்லை. காரியம் நடந்த அன்றுகூட வந்தவர்களுக்கு நாற்காலி போடுவதிலேயே இருந்தாள். "கொஞ்சமா பண்ணுங்க. அவளுக்கு மெல்ல வரணும், பேச வரணும், அது சரி. ஆனா கொஞ்சமா... காலைல அவ சமையல்கட்டுல முதுகு காட்டி நின்னு அப்படியே திரும்பறப்ப, ஒரு நிமிஷம் எனக்குப் பெரியவதான். தெரியும், அவ இல்லன்னு தெரியும், பைத்தியம் இல்ல எனக்கு. ஆனா அந்த ஒரு நிமிஷம் இருக்கு மாப்ள." பிளாஸ்க்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "அதையும் எடுத்துட்டா நான் எங்க போவேன்." அந்த ஒரு நிமிஷம் உங்களுக்கு மட்டும் இல்லை அத்தை என்று சொல்லியிருக்கலாம். சின்னவள் மாதம் ஒரு தடவை கிளினிக்குக்கு வரும்போது, வாசல் கதவின் கண்ணாடியில் முகம் பக்கவாட்டில் தெரிகிற அந்த நேரத்துக்காக அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தான் என்று சொல்லியிருக்கலாம். கணினியில் அவள் மண்டையோட்டின் ஸ்கேனைப் போட்டு, கீழ்த்தாடையைச் சுட்டியால் பிடித்துப் பின்னுக்கு நகர்த்தி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்ததும் திரையில் வேறு யாரோ ஒரு பெண் வந்து நிற்பாள், அழகாகத்தான் இருப்பாள், உடனே பழையபடி முன்னால் நகர்த்துவான், மறுபடி அவள் வருவாள், மறுபடி பின்னால், மறுபடி முன்னால்... திட்டம் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு எத்தனை சாயங்காலம் அப்படியே உட்கார்ந்திருந்தான். கூட்டித் துடைக்க வந்த அம்மா, என்ன சார், அந்தப் பொண்ண நிம்மதியா உக்கார விடமாட்டீங்களா என்று கேட்டாள் ஒருநாள்...

"டேய்." ரீங்காரம் மாறியிருந்தது. கம்மி, அடித்தொண்டைக்கு இறங்கியிருந்தது. "டேய், அழுத்தற." ஒட்டகத்தின் குரல். ஏற்கனவே ஒரு தடவை சொல்லியிருப்பான்போல, குரலில் அந்தக் கனம் இருந்தது. அவன் காலைப் பெடலிலிருந்து எடுத்தான். இடது கை கட்டைவிரல் நகம் வெளுத்துப்போயிருந்தது, அவ்வளவு இறுக்கம், எதைப் பிடித்துக்கொண்டிருந்தான், பேனாவையா, மாடிப்படிக் கைப்பிடியையா. எவ்வளவு நேரமாக அழுத்தியிருப்பான், ஒரு மூச்சா, இரண்டா. ஒட்டகம் குளிர்ந்த உப்புநீரை வெட்டுக்குள் விட்டுக் கழுவினான், உறிஞ்சுகுழாய் கர்ரென்று இழுத்தது. "நான் பாக்கவா?" என்றான். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான், ஆனால் தியேட்டரில் எதுவும் தாழ்ந்து கேட்காது. "இல்ல." "இல்லன்னா?" "இல்லன்னா இல்லடா." தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டரம்மா தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரெண்டு பேரும் சிலை செதுக்கறீங்களா? நான் பாட்டுக்கு பிரஷரக் கீழயே பிடிச்சு வச்சிருக்கேன், எனக்கும் பசிக்கும்" என்றார். கொசு மெதுவானது, ரம்பத்தைவிட நேரம் பிடிக்கும், அந்த அம்மாவுக்குக் கொசுவைப் பிடிக்காது, ஆனால் இப்போது சொன்னது அதற்காக இல்லை, அவனுக்காக, எல்லோருக்கும் தெரிந்தது. யாரோ சிரித்தார்கள். கையைத் தளர்த்தி, மறுபடி மிதித்தான். எழுதுவதுபோல. எழுதி அழிப்பதுபோல.

முட்டை. அந்தக் கருவி வாங்கிய புதிதில் பயிற்சிக்கு முட்டைதான் கொடுத்தார்கள், பச்சை முட்டை, ஓட்டை மட்டும் சதுரமாக வெட்டி எடுக்கவேண்டும், உள்ளே இருக்கிற சவ்வு கிழியக்கூடாது. ஒட்டகம் வரிசையாக நாலு முட்டையை உடைத்துச் சட்டையெல்லாம் மஞ்சளாக நின்றான். அவனுக்கு முதல் முட்டையே வந்தது. அதைக் கைக்குட்டையில் பொதிந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்தான், யார் முழங்கையும் படாமல், ஏதோ பிள்ளையைக் கொண்டுவருவதுபோல. சாப்பாட்டு மேசையில் ஒரு கிண்ணத்தில் வைத்துக் காட்டினான். அவள் குனிந்து, ஜன்னல்மாதிரி வெட்டியிருந்த இடத்தில் விரலை வைத்தாள், சவ்வு அமுங்கிக்கொடுத்துத் திரும்ப எழுந்தது. மறுபடி வைத்துப் பார்த்தாள். "உள்ள தூங்கறத எழுப்பாம கதவ மட்டும் கழட்டிட்டியே" என்றாள். பிறகு, "சரி நகரு, ஆம்லெட் போடணும்" என்று அந்த முட்டையை எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரே தட்டு. அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாள் முழுக்க உழைச்சேண்டி என்றான். "அதான் வெங்காயம் கூடப் போடறேன்." கல்யாணமான புதிதில் ஒட்டகம் வீட்டுக்கு வந்து, ஏம்மா, வீட்டுலயே இப்படி ஒரு தாடைய வச்சுக்கிட்டு இவன் ஊரெல்லாம் தாடை தேடறானே, ஒரு நாள் படுத்துக்கோ, ரெண்டு பேரும் சேந்து முடிச்சுடறோம் என்று சொன்னதும், அவள் கரண்டியை நீட்டி, "என் தாடைல யாராவது கை வச்சீங்க, கைக்கு ஆபரேஷன் பண்ண வேற டாக்டரத் தேடணும். கத்தி, கம்பி, கிளிப்பு, ஒண்ணும் கூடாது என் வாய்ல. பொறந்தப்ப கொண்டாந்ததோடதான் போவேன்" என்றாள். போனாள். கொண்டாந்ததோடே. கெண்டைக்காலில் உறைந்த ஒரு ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனது, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், பகல் நேரத்தில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது. எலும்பைப் பற்றித்தான் அவனுக்குத் தெரியும். ரத்தத்தைப் பற்றி வேறு டாக்டர்கள் பேசினார்கள், அவனும் தலையாட்டினான், நோயாளியின் புருஷன்கள் எப்படித் தலையாட்டுவார்களோ அப்படி.

தங்கை அப்படி இல்லை. சின்னவளுக்கு வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள், பின்பெஞ்சில் ஒன்று தாடையை நீட்டிக்கொண்டு அவள் பேசுவதுபோலப் பேசிக் காட்டும், வகுப்பே சிரிக்கும், அவளும் சிரிப்பாள், வீட்டுக்கு வந்து தலைவலி என்று படுத்துக்கொள்வாள். அக்காதான் அவளை அவனிடம் கூட்டிவந்தது. இவளுக்குப் பண்ணு, எனக்கு இது குரங்குக்கு வால் மாதிரி, எனக்கு வேணும், இவளுக்கு இது கால்ல கட்டின கல்லு மாதிரி என்றாள். முதலில் பல்லுக்குக் கம்பி, ஒன்றரை வருஷம், பல் ஒவ்வொன்றும் அதனதன் எலும்பில் நேராக நிற்கவேண்டும், அப்படி நிற்க நிற்கத் தாடை இன்னும் முன்னால் தள்ளியதுபோலத் தெரியும், சரியாவதற்கு முன்னால் மோசமாகும், அதைச் சொல்லித்தான் தொடங்குவார்கள். அந்த மோசமான கட்டத்தில் அக்கா போய்விட்டாள். தேதி தள்ளிப்போனது. அவன் தள்ளினான், இன்னும் கொஞ்சம் பல் நகரணும் என்றான், பல் நகர்ந்து முடிந்து வெகுநாள். ஒருநாள் சின்னவள் அவன் மேசைக்கு முன்னால் பையை வைத்துவிட்டு உட்காராமலே கேட்டாள். "மாமா, அக்கா போயிட்டா. நானும் தான் அழறேன். அதுக்காக நான் அவ போட்டோவா இருக்கணுமா உங்களுக்கெல்லாம்?" அடித்ததுபோல இருந்தது. அழவில்லை அவன், அழுகை எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கிறது, மரத்துப்போன உதட்டில் ஒட்டிய பருக்கை மாதிரி, இருப்பது மற்றவர்களுக்குத்தான் தெரிகிறது. அன்றைக்கே தேதி குறித்துக் கொடுத்தான்.

வெட்டுக்கோடு உட்பக்கத்திலிருந்து வளைந்து முன்னால் வந்து, கடைவாய்ப் பற்களின் ஓரமாக இறங்கி, தாடையின் அடிவிளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. ரத்தம் அதிகமில்லை, அதுவும் கொசுவின் குணம். சின்ன உளியை இடுக்கில் வைத்து மெதுவாகத் திருப்பினான். எலும்பு பிளக்கும்போது ஒரு சத்தம் வரும், காய்ந்த விறகைப்போல இல்லை, ஈர விறகைப்போல, நெகிழ்ந்து, யோசித்து, பிறகு சரி என்று விட்டுக்கொடுப்பதுபோல. பிளந்தது. ஒட்டகம் குனிந்தான், இரண்டு தலையும் முட்டிக்கொள்ளாத குறை. நரம்பு அங்கே கிடந்தது, பல் இருக்கும் துண்டோடு, எங்கே இருக்கவேண்டுமோ அங்கே, இளஞ்சிவப்பாக, முழுசாக. அறுபடவில்லை. சுட்டிருக்குமா? பார்த்தால் தெரியாது. வெள்ளையாக ஒரு திட்டு தெரிகிறதா, வெளிச்சமா, தண்ணீரா... "நல்லாருக்குடா" என்றான் ஒட்டகம். நல்லாருக்கு என்று சொல்வதற்கு அவன் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு பெருமூச்சு அளவு கூடுதல்.

ஒட்டகம் தன் பக்கத்தையும் பிளந்து முடித்தான். இப்போது தாடையைப் பின்னுக்குக் கொண்டுபோகவேண்டும். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் முன்பே செய்து வைத்த மெல்லிய அச்சுத்தகடு ஒன்று உண்டு, திரையில் அவன் நகர்த்தி நகர்த்தி முடிவு செய்த இடம் அதில் பள்ளங்களாகப் பதிந்திருக்கும், கீழ்ப்பற்கள் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தால் முடிந்தது. பல்வரிசையைப் பிடித்துத் தள்ளினான். வலது பக்கம் உட்கார்ந்தது. இடது பக்கம் உட்காரவில்லை. எங்கோ இடிக்கிறது, பிளந்த பின்துண்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய எலும்புச் சிலும்பு, தாடை பின்னால் வருவதற்கு வழிவிடாமல். சிறிய இடைவெளிதான், ஒரு நாணயத்தின் விளிம்பு நுழையும். அவன் அதைப் பார்த்தான். இப்படியே விட்டால்? இப்படியே, எலும்புத் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிளேட்டை வைத்து முடுக்கிவிட்டால்? இடது பக்கம் கொஞ்சம் முன்னாலேயே இருக்கும், காதிலிருந்து மோவாய்க்கு வரும் கோட்டில் பழையதில் ஒரு மிச்சம் இருக்கும், சமையல்கட்டில் திரும்பும்போது ஒரு நிமிஷம் இல்லாவிட்டாலும் அரை நிமிஷம், கொஞ்சமா பண்ணுங்க மாப்ள, யாருக்கும் தெரியாது, சின்னவள் ஒரு பக்கமாகவே மெல்லுவாள், அவ்வளவுதான், பழகிக்கொள்வாள், இத்தனை வருஷம் பழகவில்லையா, பிறகு மெதுவாக மூட்டு வலிக்கும், தலை வலிக்கும், பின்பெஞ்ச் சிரிக்கும்... இடது பக்கம்தான் அவன் பக்கம். கட்டிலில் அவன் படுப்பது பெரியவளுக்கு இடது பக்கம். காலையில் கண் திறந்ததும் முதலில் தெரிவது அந்தக் கோடு, அதற்கு அப்பால் ஜன்னல். ஒட்டகம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், கையுறையில் எதுவும் படாமல் நெஞ்சுக்கு உயர்த்தி, அவன் முகத்தைப் பார்க்காமல் வெளிச்சத்தைச் சரிசெய்வதுபோல மேலே பார்த்தான். "சொல்லு. போதுமா?" சிஸ்டர் பிளேட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தண்ணீர் சொட்டுகிற சத்தம், மானிட்டர் சத்தம். துணிக்கு அடியில் கண்ணை ஒட்டிவைத்துப் படுத்திருக்கிறவள் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவேண்டியதை ஏற்கனவே கேட்டுவிட்டாள். "போதாது" என்றான். "கொசுவைக் குடுங்க சிஸ்டர்." தன் வாயால் அந்தப் பேரைச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது. கைப்பிடி கைக்கு வந்தது. சிலும்பின் அடியில் முனையை வைத்தான், வைக்கவில்லை, தொட்டான். பட்டும் படாமலும். எலும்பு தண்ணீரில் கரைந்து பால்மாதிரி ஓடியது, உறிஞ்சுகுழாய் அதைக் கொண்டுபோய்விட்டது, எடுத்துப் பார்க்கக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. மறுபடி தாடையைத் தள்ளினான். தக் என்றது. அந்தக் குடும்பத்துத் தாடையில் முன்பல்லும் முன்பல்லும், நடுவில் அந்த மெல்லிய தகடு மட்டும் இருக்க, முதல் தடவையாகச் சந்தித்துக்கொண்ட சத்தம். ஒட்டகம் மூக்கால் மூச்சு விட்டான். "டீ உன் கணக்குலதான்" என்றான். பிறகு, "இல்ல, நானே வாங்கறேன்."

துணியை எடுத்தபோது அவன் பார்க்கவில்லை என்று சொல்லமுடியாது, பார்த்தான், ஆனால் பார்க்க ஒன்றுமில்லை, வீங்கிய கன்னமும் பசைநாடா ஒட்டிய கண்ணும் மூக்கில் குழாயும், யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். வெளியே அத்தை எழுந்து நின்றாள். "ஆச்சா?" "ஆச்சு அத்தை. நல்லா ஆச்சு." "கொஞ்சமாத்தானே?" அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. "வேண்டிய அளவு." அவள் தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள், பிறகு பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி அவன் கையில் கொடுத்தாள். "குடிங்க. ஆறிப்போச்சு. பரவால்ல, குடிங்க." அவன் குடித்தான். அவள் சேலைத்தலைப்பால் மூடியைத் துடைத்துத் திருகினாள், இறுக்கமாக, இன்னும் இறுக்கமாக, திருகி முடித்த பிறகும் திருகிக்கொண்டு.

சாயங்காலம் வார்டில் ஜன்னலோரக் கட்டில். மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் இறங்கியிருக்கும் என்று ஒட்டகம் சொன்ன பிறகுதான் வந்தான், முன்பே வந்திருந்தால் ஏமாந்துபோகலாம், மரத்திருப்பது ஊசியாலா சூட்டாலா என்று பிரித்துச் சொல்லமுடியாது. சின்னவள் தலையணைகளில் சாய்ந்திருந்தாள், முகம் நிலாமாதிரி உருண்டிருந்தது, மேல்கம்பிக்கும் கீழ்க்கம்பிக்கும் நடுவில் சின்ன ரப்பர் வளையங்கள், பல்லிடுக்கில்தான் பேசமுடியும். பஞ்சை நூலாகத் திரித்துக்கொண்டான். "கண்ண மூடிக்கோ. தொடும்போது சொல்லு." வலது உதடு. "ம்." மோவாயின் வலது பக்கம். "ம்." அத்தை கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது. பஞ்சு நுனி உதட்டின் ஓரத்தில், வருடி, நகர்ந்து... அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கை நின்றது. மறுபடி வருடினான். "ம்..." என்று இழுத்தாள். "தெரியுதா தெரியலையா?" "தெரியுது மாமா. ஆனா துணி போத்தித் தொடறாப்ல இருக்கு." பல்லிடுக்கில் வந்த வார்த்தைகள், ஆனால் வார்த்தைகள். "வந்துரும்" என்றான், "பாதி தெரிஞ்சா மீதி வந்துரும், மெதுவா", எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னான், உண்மையும் அதுதான், பெரும்பாலும். அது அந்த ஒரு மூச்சு அழுத்தியதாலா என்று அவள் கேட்கவில்லை, அவளுக்குத் தெரியாது, ஒட்டகத்துக்குத் தெரியும், ஒட்டகம் சொல்லமாட்டான். "எப்படி இருக்கேன்?" என்றாள். "பூசணிக்கா மாதிரி." "உங்க மூஞ்சிக்கு இது பரவால்ல" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள், வலித்தது, உதடு கொஞ்சம்தான் விலகியது, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்து பல்லோரக் கம்பியில் ஒரு பொட்டு பளிச்சென்று மின்னி அணைந்தது.

அவனுக்கு ஏதோ இடறியது. மாடிப்படியில் இல்லாத ஒரு படியில் கால் வைத்ததுபோல. இந்தப் பொட்டு... இன்று காலையில்கூடப் பார்த்தானே, ரொட்டி, சமையலறை ஜன்னல், நாக்கால் துழாவி, கம்பியில் சிக்கிய துணுக்கை... எந்தக் கம்பி? பெரியவள் வாயில் கம்பி ஏது. கத்தி, கம்பி, கிளிப்பு, ஒண்ணும் கூடாது. அவள் பல்லை யாரும் தொட்டதே இல்லை. அப்படியானால் மின்னியது எது, எத்தனை நாளாக மின்னிக்கொண்டிருக்கிறது, அவன் தூங்குவதற்கு முன்னால் தினம் எடுத்துப் பார்க்கிற அந்தச் சிரிப்பு, அது யாருடையது? ரொட்டியை அந்தப் பக்கமாகத்தான் செருகுவாளா, கன்னம் அப்படித்தான் உப்புமா, அந்தக் குரல், என்ன பாக்கறே, அது அவள் குரல்தான், அது நிச்சயம், நிச்சயமா? கிளினிக் கதவுக் கண்ணாடி, திரையில் முன்னும் பின்னும் நகர்ந்த தாடை, மாதம் ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் அவளைத் தேடித்தான் பார்த்தான், பார்த்துப் பார்த்து... "என்ன மாப்ள?" என்றாள் அத்தை. "ஒண்ணுமில்ல அத்தை." நீங்களும் பார்த்தீர்களே, சமையல்கட்டில், அந்த ஒரு நிமிஷம், உங்களுக்குள் இருப்பவளுக்கும் கம்பி இருக்கிறதா என்று கேட்கலாம். கேட்கவில்லை. பஞ்சு இன்னும் விரலிடுக்கில் இருந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டான், சமையலறை வந்தது, ரொட்டி வந்தது, அவள் வாயை மூடி, திறந்து, சிரித்தாள், அவளை அப்படியே நிறுத்தினான், கிட்டே போனான், அழுத்தாமல், ஓரிடத்தில் நிற்காமல், பட்டும் படாமலும், கம்பி மட்டும்தான் கழன்று வரவேண்டும், சிரிப்பு அப்படியே இருக்கவேண்டும், முதலில் மேல்வரிசை...